அரை டிகிரி சாய்வு

மார்ச் 3
இன்றும் அலை அடங்கவில்லை. எங்கள் பார்ஜ் என்கிற தட்டைக் கப்பலின் முதுகில் எட்டாயிரம் டன் எடையுள்ள எண்ணெய்க் கிணற்று மேடை. எதிரே கடலில் நட்ட இரும்புக் கால்கள். கடல் அமைதியானால் கால்களுக்கு நடுவே பார்ஜை நுழைப்பார்கள். நான் அதன் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றுவேன். பார்ஜ் தாழும், மேடை கால்கள்மேல் உட்காரும். அதுவரை கேரம்தான்.

அறையில் என்னோடு கிரேன்காரர். என்னை "டேய் பம்ப்பு" என்றுதான் கூப்பிடுவார். அவர் மகளும் நானும் விரும்புவது அவருக்குத் தெரியாது. அவள் கெடு வைத்திருக்கிறாள்: "கரைக்கு வர்றதுக்குள்ள அப்பாகிட்ட நீயே சொல்லிடு. சொல்லாம வந்தா என்னைப் பார்க்க வராதே."

மார்ச் 4
சொல்லவில்லை.

மார்ச் 5
சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தேன். உப்பு கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.

கேரமில் ஜெயித்தால் மனிதர் தங்கம். ஆனால் ஜெயிப்பதே இல்லையே! ஆடும்போது நான் உட்காரும் பக்கத் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் என்ன? பார்ஜ் அரை டிகிரி சாயும். அவர் அடிப்பது பள்ளம், நான் அடிப்பது மேடு. யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 6
ஆறு ஆட்டம். ஆறும் அவருக்கே. மீசை காதுவரை போயிற்று. நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

மார்ச் 7
மாட்டிக்கொண்டேன். மேற்பார்வையாளர் சாய்வைப் பார்த்துவிட்டு, தொட்டி ஓட்டை என்று ஊரைக் கூட்டிவிட்டார். வால்வைத் தப்பாகத் திறந்துவிட்டதாகப் புளுகி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அறைக்கு வந்தால் கிரேன்காரர் காத்திருக்கிறார். "வால்வைத் தப்பா திறந்தவன் மூஞ்சியாடா இது? கிரேன்ல சாய்வைப் பதிவு பண்ற கருவி இருக்கு. நாம ஆட உட்கார்ந்தப்ப மட்டும் சாஞ்சிருக்கு. எதுக்குடா எனக்கு விட்டுக்கொடுத்தே?"

"உங்க பொண்ணைக் கட்டிக்கணும்னுதான்..."

ஐயோ, இப்படியா சொல்வது! அவர் கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 8
பேச்சில்லை.

மார்ச் 9
இன்றும் இல்லை. வேறு அறைக்குப் போ என்றும் சொல்லவில்லை — அது நல்லதா, கெட்டதா?

மார்ச் 10
கடல் தட்டையாகக் கிடந்தது. காலையிலேயே நுழைந்துவிட்டோம். கிரேனுக்கு வேலை இல்லாததால், மேடைக்கும் கால்களுக்கும் உள்ள இடைவெளியை வாக்கிடாக்கியில் சொல்லும் பொறுப்பு அவருக்கு. கீழே பம்ப் அறையில் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் குரல்தான் என் கண்.

"எண்பது சென்டி. தண்ணி ஏத்து." "நாப்பது. ஏத்து."

ஒரு "டேய்" கூட இல்லை. அதற்காக நான் ஏங்குவேன் என்று யார் கண்டது?

"அஞ்சு. மெதுவா."

மேலே இரும்பு முனகியது. மேடை உட்கார்ந்துவிட்டது. பார்ஜ் அதைவிட்டு விலகும்வரை இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீர் ஏற்றினேன். பிறகு, மொத்த பார்ஜும் கேட்கும்படி அவர் குரல்:

"விலகிடுச்சு. போதும், நிறுத்துங்க மாப்பிள்ளை."

நிறுத்து இல்லை, நிறுத்துங்க! கண் கலங்கிவிட்டது. கையை அசைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

"டேய்! காதுல விழலையா? பம்ப்பை நிறுத்துடா!"