சாயம் பூசிக்கொண்டு போன மாமாவுக்கு

அன்பு மாமா,

உங்களைச் சீண்டிக்கொண்டே இருந்த உங்கள் வீட்டுக்காரியின் தம்பி, கடலூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. ஒரு சேதி இருக்கிறது, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? உங்கள் ஹீரோ நரைத்துவிட்டார்.

நிஜமாகத்தான். புதுப் படத்தில் தலை, தாடி எல்லாம் வெள்ளை. பேரனுக்குத் தலை வாரிவிடுகிறார். மாடி ஏறும்போது மூச்சு வாங்கி நடுப்படியில் உட்காருகிறார். மனைவி செத்துப்போன காட்சியில் வாய்விட்டு அழுகிறார். நீங்கள் கைதட்டிய காலத்தில் அவர் அழுதிருக்கிறாரா? எதிர்த்துப் பேசுகிற பெண்ணைக் கன்னத்தில் அறைவார், அடுத்த பாட்டில் அவளே அவரைக் காதலிப்பாள். ஐம்பதைத் தாண்டியும் காலேஜ் பையனாக வந்து மகள் வயதுப் பெண்ணோடு ஆடுவார். "இந்த வயசுல இது தேவையா மாமா?" என்று நான் கேட்டால் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"ஆம்பளைக்கு ஏதுடா வயசு? அவரு நரைச்சி நீ பாத்திருக்கியா?" என்பீர்கள்.

அதனால் நீங்களும் நரைக்கவில்லை. புவனகிரியில் பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த நீங்கள், ரசிகர் மன்றத்துக்குத் தலைவரான நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் டை அடித்தீர்கள். கட்டின பெண்டாட்டிகூட உங்களை முழு நரையோடு பார்த்தது கிடையாது.

நீங்கள் போன அன்று காலையில் உங்களுக்கு நெஞ்சு வலி. அக்கா தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தாள். வந்து பார்த்தால் நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று டை குழைத்துக்கொண்டிருந்தீர்களாம்.

"மன்றத்துப் பசங்க அத்தினி பேரும் ஆஸ்பத்திரிக்கு வருவானுங்க. வெள்ளத் தலையோட படுத்துக் கெடக்கச் சொல்றியா? இருடி, வரேன்."

கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், தட்டிவிட்டீர்கள். ஈர டையோடு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் ஏறினீர்கள். சிதம்பரம் போய்ச் சேரவில்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அக்கா மடியில் சாய்ந்துவிட்டீர்கள்.

நான் வந்தபோது உங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தலையிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற வழிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது மாமா, இன்னும் போகவில்லை. உடனே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டர் யாரையாவது கேட்கலாம்தான், எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் யாருக்குப் பயந்து தலைக்குச் சாயம் பூசினீர்களோ, அந்த மன்றத்துப் பசங்கள் இப்போது வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

போன வாரம் உங்கள் பிள்ளை தினேஷ் அந்தப் புதுப் படத்துக்கு என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனான். தியேட்டர் வாசலில் ஒரே கூட்டம். இருபது வயதுப் பிள்ளைகள் தலைக்கும் மீசைக்கும் வெள்ளை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, கிழவர்களாக ஆட்டம் போட்டார்கள். தினேஷும் போய் ஸ்ப்ரேக்குத் தலையைக் காட்டினான். இளமையாக இருக்கத்தான் ரசிகன் மெனக்கெடுவான் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே, உங்கள் ஹீரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறார். அதற்கு விசில் பறக்கிறது. "கெத்துடா!" என்று பின் வரிசையில் ஒருத்தன் கத்தினான். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. இதுவும் கெத்துதான் என்று உங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே மாமா. அந்த மனிதர் கொஞ்சம் முன்னாலேயே நரைத்திருக்கக் கூடாதா?

பகல் காட்சி முடிந்து புவனகிரிக்கு வந்தோம். கதவைத் திறந்த அக்கா, பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவனுக்கு உங்கள் நெற்றி, உங்கள் தாடை, நிற்கிற நிலைகூட உங்களுடையதுதான். அதன் மேல் அந்த வெள்ளை.

"ஸ்ப்ரேதாம்மா. கழுவிட்டு வந்துடுறேன்."

"கழுவாதடா. கொஞ்ச நேரம் இரு."

அவனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தாள். அவன் சிரித்துப் பார்த்தான், பிறகு புரிந்துகொண்டு சும்மா இருந்தான். அவன் காதோரத்தை விரலால் தொட்டுவிட்டு, "அவுரு இப்பிடித்தான் இருந்திருப்பாரு, இல்லடா?" என்று என்னைக் கேட்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

எனக்கும் வெளுக்க ஆரம்பித்துவிட்டது மாமா. வெளுக்கட்டும், ஒன்றும் பூசப்போவதில்லை. முட்டி வலித்தால் வலிக்கிறது என்பேன், நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அக்கா வீட்டுக்கு அடிக்கடி வருவேன். நம் வீட்டு ஆம்பளைகளில் ஒருத்தனாவது அவள் கண்ணெதிரே நரைத்து, தளர்ந்து, முழுக் கிழவனாக ஆவான். இது சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளில் உங்களைவிட வயதில் மூத்துவிடப்போகிற
உங்கள் மச்சான்