பத்தாவது பெயர்

நேற்று உன் மகள் குருவிநத்தத்திலிருந்து வந்திருந்தாள். உன் தையல் மிஷினைத் தான் வைத்துக்கொள்வதாகவும், இது மட்டும் எனக்கு வந்து சேர வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததாகவும் சொல்லி, பழைய ஜாமெட்ரி பாக்ஸைக் கையில் கொடுத்தாள். திறந்தேன். சாக்பீஸ் வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும். உன் காரியத்தன்று அழாதவள் அதற்கு அழுதுவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் பிரித்த நாள் உனக்கு மறந்திருக்காது. அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் சேர்ந்த காம்போசிட் கணக்கு ஒரு பக்கம், தையலும் சமையலும் சேர்ந்த மனையியல் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே பீரியட், ஒன்றைத்தான் எடுக்கலாம். வரைபடம் போடும் அரசு வேலைக்குப் போக அந்தக் கணக்கு வேண்டும் என்று யாரோ சொன்னதை நான் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உனக்கோ ஊசியும் நூலும்தான் உயிர். என் பாவாடைக் கிழிசலைத் தைத்த இடம் தெரியாமல் தைத்துத் தருவாய்.

தலைமையாசிரியை பட்டியலை எண்ணினார். "ஒம்பது பேருதான். பத்து இல்லன்னா காம்போசிட் கிடையாதும்மா. எல்லாரும் மனையியலுக்குப் போயிடுங்க."

வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, எழவு வூடு மாதிரி மூஞ்ச வச்சிருக்க?" என்று வந்தாய். விஷயத்தைச் சொன்னதும் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாய். பத்தாவதாக உன் பெயர்.

"உனக்குக் கணக்கு வராதேடி!"

"வராட்டி போவுது. வகுப்பு நடக்கும் இல்ல?"

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, குதித்தேன்.

பிறகு மூன்று வருடம் கரும்புக் கொல்லை ஓரமாக நடந்து வரும்போதெல்லாம் உனக்குத் தேற்றம் சொல்லிக்கொடுத்தேன். "அந்த முக்கோணம் அது பாட்டுக்கு இருக்கட்டுமேடி, அதப் போயி ஏன் நோண்டற?" என்பாய். மனையியல் வகுப்பிலிருந்து கேசரி மணம் வரும் நாளில் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாய். அந்தக் காலத்துப் பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வில் நான் தேறினேன், நீ கணக்கில் தவறிவிட்டாய். திரும்பும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். நீதான், "ஃபெயிலானது நானா நீயா? கண்ணத் தொடை" என்றாய்.

மறுபடி நீ தேர்வு எழுதவில்லை. பள்ளியிலேயே கற்றிருக்க வேண்டிய தையலை, பாகூர் கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் பட்டன் கட்டிக் கட்டிக் கற்றாய். நான் நினைத்த வேலைக்கே போய், ஓய்வு பெறும்வரை கோடு போட்டுச் சம்பளம் வாங்கினேன். ஒருநாளும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கிண்டல் செய்வாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காம்பஸில் பென்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்பீஸ் துண்டைச் செருகி வைத்திருக்கிறாய். "அம்மா வட்டக் கழுத்து இதாலதான் போடும். 'காம்போசிட் படிச்ச கைடி இது'ன்னு பெரும வேற அடிச்சிக்கும்" என்றாள் உன் மகள்.

அவள் போனபின் ராத்திரி மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டேன். ஒன்பதுக்கு அப்புறம் பத்து என்று சொல்ல வாய் வரவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.