கதவடியில் நீ வைத்த கண்ணாடி

அண்ணே,

ஹட்டன் கராஜில் மெக்கானிக் பாஸ் உன் காரின் இடது கதவைச் சூடாக்கியதும் தார் வாசனை குப்பென்று எழுந்தது. கதவின் அடிப்பக்கத்தைச் சதுரமாக வெட்டிக் கண்ணாடி பதித்து, மழை புகாமல் சுற்றிலும் நீ பூசிய தார். நீ கண்மூடி ஒரு வருஷம் ஆகியும் அது இளகி ஒழுகியது. நான்தான் விறைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த மொரிஸ் மைனரில் நீ கை வைக்காத இடமே இல்லை. லொறி ஹோர்ன் பூட்டினாய். அடித்தால் டயகம பஸ்ஸே ஒதுங்கும். பின்சீட்டு ஏதோ ஒரு வான் வண்டியுடையது. "காரும் மைனரு, நானும் மைனரு. ரெண்டு பேரையும் கெடுத்தது நீதான்" என்பேன். "வாய மூடிக்கிட்டு ஓரத்தப் பாருடா" என்பாய்.

மூடுபனி இறங்கினால் எனக்கு அதுதான் வேலை. அக்கரப்பத்தனை வளைவுகளில் அந்தக் கண்ணாடி வழியே குனிந்து, பாதையின் விளிம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விளிம்பு தூரத்தில் இருக்கும்போதே "ஐயோ, பள்ளம்!" என்று கத்துவேன். நீ பிரேக்கில் ஏறி நிற்பாய். அடுத்து என் மண்டையில் ஒரு குட்டு.

கார் துருப்பிடித்து நிற்பதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. "அவன் மாட்டுனதெல்லாம் கழட்டுனாலும் பரவால்ல, ஓடணும்" என்றார்கள். ஹோர்ன் போனது, சீட்டு போனது. கண்ணாடிக்கு மட்டும் குறுக்கே நின்றேன்.

"இத விட்டுருங்க பாஸ்."

"இது வழியாத்தான் தண்ணி எறங்கி கதவத் தின்னுருக்கு. இத வச்சா கதவு நிக்காது தம்பி." துருவைச் சுரண்டியபடி சொன்னார்: "அன்னைக்கே வேணாம்னேன், ஜன்னல் ஷட்டரும் பாதிக்கு மேல எறங்காதுன்னு. கேட்டானா? ‘தம்பிக்கு மூச்சிழுப்பு இருக்கு பாஸ், பனியில தலைய வெளிய நீட்டக் கூடாது’ன்னுட்டான்."

என்னிடம் நீ சொன்ன காரணம் வேறு. "ஒன் மூஞ்சியப் பாத்து எதுக்க வர்ற சனம் பயப்படுதுடா."

கதவை விட்டு விலகி நின்றேன். பிறகு, "வெட்டுங்க பாஸ்" என்றேன்.

நேற்று வீட்டுக்குக் கொண்டுவரும்போது நல்ல பனி. பாஸ் ஓட்டினார். ஷட்டரை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டி ஓரம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு தடவைகூடப் பொய்க்குக் கத்தவில்லை. பனிக்காற்று நெஞ்சு முட்ட ஏறி, இறங்கியது.

இழுக்கவில்லை, அண்ணே.