பிறந்த வீட்டுக் கோடி

அன்புள்ள தம்பி சந்தோஷ்குமாருக்கு,

புதுச்சத்திரத்திலிருந்து அக்கா சத்யபிரியா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. அந்தமானில் நீ நலமாகத்தான் இருப்பாய், கடலில் மூச்சடக்கி முங்கி மெடல் வாங்குகிறவன் ஆயிற்றே. என் போனை எடுக்காமல் இத்தனை நாள் அடக்கிக்கொண்டிருக்கிறாயே, அதற்கும் மெடல் உண்டா?

மாரியம்மன் நோன்பிக்கு வந்தபோது எங்கள் கிணற்றில் முங்கிக் காட்டினாய். ஊரே வாய் பிளந்தது. முகம் தண்ணீரில் பட்டதும் இதயம் நிதானமாகும், கைகால் ரத்தம் மூளைக்கு ஓடும், மண்ணீரல்கூடச் சுருங்கி ரத்தம் கொடுக்கும் என்று பாடம் நடத்தினாய். உன் மாமாவும் முங்கினார். மூச்சு முட்டி வயிறு துடித்ததும் மேலே வந்துவிட்டார். பந்தியில் எல்லார் முன்னாலும் சிரித்தாயே, "ஏனுங் மாமா, வவுறு துடிச்சதுக்கேவா பயந்துட்டீங்க? அது சும்மா மெரட்டறதுங்க. அதத் தாண்டறவன்தானுங்க ஆம்பள" என்று. அதைத் தாண்ட உன் உடம்பு எத்தனை வருஷம் பழகியது என்பதை மட்டும் சொல்லவில்லை. பாவி!

அதன்பின் அவருக்கு அதே நினைப்பு. கிணற்றடியில் தண்ணீர் உறிஞ்சும் மோட்டார் ஃபுட்வால்வில் தழை அடைத்தது. வழக்கமாக நடுநடுவே மேலே வந்து மூச்சு வாங்குவார். அன்று, "ஒரே மூச்சுல எடுக்கறேன், படம் புடிச்சு உன்ற மாமனுக்கு அனுப்பு சாமி" என்று மகள் கிருத்திகாவிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு இறங்கினார். தழையை எடுத்தும்விட்டார். மேலே வரும்போது, ஒரு முழத் தண்ணீர் மிச்சம் இருக்கையில், நினைவு தப்பிவிட்டது. அப்பா ஜெயிச்சுட்டாரு என்று பிள்ளை கத்துவது அந்தப் படத்தில் கேட்கிறது.

அப்படி மயங்குகிறவர்களுக்கு வலி தெரியாது என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். ரொம்ப நன்றி. அதை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் அலறுகிறாள்.

வியாழக்கிழமை கருமாதி. எனக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். அப்பா இல்லை, நீ ஒருத்தன்தான். பெரியப்பா மகன் குமரன் போடட்டும் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். என் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்தவன் நீ, இந்த வெள்ளையும் உன் கையால்தான் விழ வேண்டும். படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன். வந்தால் முழுசாகப் பார்க்கலாம், கண்ணை மூடாமல்.

கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது. ஃபுட்வால்வும் நன்றாக வேலை செய்கிறது.

வந்துவிடு சாமி. நீ நூறு வயசு இருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சும் உனக்குத் தெரிந்தே போய்வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சத்யபிரியா அர்த்தநாரி