எனக்குப் பதிலாகப் படுத்திருப்பவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் ரோமில் நலமாக இருக்கிறேன்.

டிவியில் நான் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் அழாதீர்கள். கடலில் மூழ்கிய அகதியாக நடித்தபோது என் முகத்தை அச்செடுத்து ஒரு பொம்மை செய்தார்கள். இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை, அதையே படுக்க வைக்கிறார்கள்.

நேற்று வேலை கேட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். வாட்ச்மேன் எர்னெஸ்டோ, "என்னப்பா மெப்ராத்து, இப்பதானே உன்னை உள்ள தூக்கிட்டுப் போனாங்க!" என்று என் பெயரைச் சொல்லிச் சிரித்தார். எட்டிப் பார்த்தேன். போன வாரம் சவரம் செய்யும்போது என் தாடையில் பட்ட வெட்டு, பொம்மையின் தாடையிலும் இருந்தது. மேக்கப்காரர் வேலையாக இருக்கும்.

கொஞ்சம் மிளகாய்ப்பொடி அனுப்புங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இனிமேல் போனில் என்னைச் சின்ன வயதுச் செல்லப்பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். அந்தப் பெயர் அதற்குத் தெரியாது.

உங்கள் மகன்