கலா கடவுளைத் திட்டலாமா?

அன்பு மாப்ளே,

நீ போன மறுநாளே லாஸ்பேட்டை முக்கில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘பொறுமையின் சிகரமே’ என்று போட்டிருக்கிறது. பொறுமையாம், நீயாம்! சிக்னலில் ஹாரன் அடித்தவனிடம் வண்டியை நிறுத்திவிட்டுச் சண்டைக்குப் போன ஆளாயிற்றே. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது.

கல்லூரியில் தத்துவம் நடத்திவிட்டு வந்து என் மண்டையையும் குடைவாய். யூத மரபில் சில பழைய ஞானிகள் சொன்னதுதான் உனக்கு உயிர். கடவுள் இப்படிப்பட்டவர் என்று மனுஷனால் சொல்ல முடியாது, இப்படிப்பட்டவர் இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். கருணையுள்ளவர் என்றால்கூட, அவர் செய்த காரியம் நமக்குக் கருணையாகத் தெரிகிறது, அவ்வளவுதானாம். “அப்ப எதுக்குய்யா கோயிலு, பூசையெல்லாம்?” என்று எகிறுவேன். நீ டீயை ஊதிக்கொண்டே சிரிப்பாய்.

அந்த வம்பு இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது.

நீ போனதிலிருந்து என் தங்கச்சி கலா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. உன் பெண்டாட்டியா இப்படி என்று எனக்கே பயமாகிவிட்டது. கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, சாமிய நல்லவன்னு இனிமே என்னால சொல்ல முடியாது. கொடுமைக்காரன்னு திட்டணும்போல இருக்குது. அவுரு இருந்தா அந்த வார்த்தையும் சாமிக்குப் பொருந்தாதும்பாரு. அப்ப நான் வாயப் பொத்திக்கினே கெடக்கணுமா?”

பொருந்தாது என்று சொன்னால் உன் பாடம் ஜெயிக்கும், கலா இன்னும் இறுகிப்போவாள். இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ?

அப்புறம்தான் நீ சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. அதே யூதர்கள் துன்பம் வந்தால் கடவுளிடமே மல்லுக்கு நிற்பார்கள், ஏன் இப்படிச் செய்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள் என்றாய். அவரைப் பற்றிச் சொல்லத்தானே வார்த்தை கிடையாது? அவரிடம் சொல்ல என்ன தடை?

“அவரு எப்படிப்பட்டவர்னு எங்கிட்ட ஏம்மா சொல்ற? போயி அவருகிட்டயே கேளு” என்றேன்.

விடுவிடுவென்று போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றாள்.

“யோவ், ஒனக்குக் கண்ணு இல்ல? ஆயுசுக்கும் ஒன்னப் பத்தியேதான படிச்சிக்கினு இருந்தாரு. அவரப் போயி தூக்கிக்கினியே!”

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா பதறிப்போய் ஓடி வந்தார். சமாதானப்படுத்த வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

இன்றைக்கும் திட்டினாள், மாப்ளே. திட்டி முடித்துவிட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டாள். அவள் பேச வேண்டியதையெல்லாம் பேசட்டும். குறுக்கே எவனையும் விடமாட்டேன், நீயே எழுந்து வந்தாலும் சரி. இது சத்தியம்.

உன் கலாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்