எதிர்க் கட்டடத்து அட்டை

மார்ச் 4, செவ்வாய்
சர்க்கரை நோயாளிகளுக்கான நாள். வராண்டாவில் நூற்றுப் பத்துப் பேர், பாதிப் பேர் தரையில். எதிரே வெளிநாட்டு உதவியில் எழும்பிய எச்.ஐ.வி. சிகிச்சைக் கட்டடம். அங்கே நாற்காலி, குடிநீர், பெயர் சொல்லி அழைக்கும் நர்ஸ். போன வருடம்வரை என்னோடு வேலை பார்த்த தோழிதான் அவள். எங்களில் கைதேர்ந்த மூன்று பேரை அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது.

வரிசையில் இருந்த தையல்காரர் ஒருவர் கேட்டார்: "சிஸ்டர், அந்த வியாதி இருந்தாத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

"அடுத்தது யாரு, வாங்க" என்றேன். பதிலா அது?

மார்ச் 12, புதன்
சாப்பாட்டு நேரத்தில் எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். "வேவு பார்க்க வந்தியா?" என்று தோழி சிரித்தாள். ஆமாம் என்றேன்.

அங்கே மருந்தைப் பாதியில் விடுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தானாம். எங்களிடம் பாதிக்குப் பாதி காணாமல் போகிறார்கள். எப்படி? ஆளுக்கொரு அட்டை, அதில் அடுத்து வரவேண்டிய தேதி, போன் நம்பர். வராவிட்டால் மூன்றாம் நாள் போன். எடுக்காவிட்டால், அதே மருந்து சாப்பிடும் ஒருவர் வீடு தேடிப் போவார். அவ்வளவுதான். நமக்கு ஏன் இது தோன்றவில்லை?

மார்ச் 25
அதே மாதிரி அட்டை எழுத ஆரம்பித்தேன். தலைமை நர்ஸ் அக்கா: "இருக்கிற வேலைக்கே கை பத்தல. இதுல நீ வேற." அவர் சொல்வதும் தப்பில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி
செவ்வாயன்று தையல்காரர் வரவில்லை. போன் செய்தேன். மனைவி எடுத்தார். "கால்ல சின்னப் புண்ணு. ஒரு மாசமா இருக்கு, ஆறிடும்னு துணி சுத்தி வெச்சிருக்காரு."

இப்பவே கூட்டிட்டு வாங்க, ஆட்டோ எதையாவது புடிச்சு— கத்திவிட்டேன் போல.

ஏப்ரல் 5
இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. "ரெண்டு நாள் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்திருப்பேன்" என்றார் சர்ஜன்.

ஒரு மாசம். அப்படியானால் மார்ச் 4 அன்றும் இருந்திருக்கும். நான் காலைப் பார்க்கவேயில்லை.

ஜூன் 16, திங்கள்
எதிர்க் கட்டடத்துத் திட்டம் செப்டம்பரோடு முடிகிறது. அவர்களுடைய நோயாளிகள் இனி எங்கள் வராண்டாவுக்கு வருவார்கள். தோழி கலங்கிப்போயிருக்கிறாள். "இங்க யாரும் அவங்களை ஒரு மாதிரி பார்க்கல. அங்க?" எனக்கும் தெரியவில்லை.

அக்காதான் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே கலர் அட்டை போட்டா என்ன? யாருக்கு என்ன வியாதின்னு யாருக்குத் தெரியும்?"

அக்காவா!

அக்டோபர் 7, செவ்வாய்
முதல் பொது நாள். நூற்று அறுபது பேர். தண்ணீர் தீர்ந்தது. மூன்று அட்டைகள் மாறிப்போயின. தோழியும் நானும் ஒரே மேஜையில்.

பெஞ்சில் ஒரு வயதான அம்மா, பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம் கேட்டார்: "உனக்கு என்னம்மா?"

எழுதுவதை நிறுத்தினேன்.

"தினமும் மாத்திரை போடணும்மா. ஆயுசு முழுக்க."

"எனக்கும் அதே கதைதான்" என்று அந்த அம்மா நகர்ந்து இடம் விட்டார்.